பாட் யாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்கு நாகர்கோவில் டாக்டரிடம் மறுபடி காட்டினீர்களா? போன வாரம் பணம் அனுப்பியிருக்கிறேன். பேங்கில் ஏறியதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சைரன் அடித்தால் இறங்கிப் போய் இருக்க இந்தக் கட்டடத்துக்குக் கீழேயே இடம் இருக்கிறது, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இஸ்ரேலில் எல்லோரும் வேதாகமத்தில் உள்ள எபிரெயுதானே பேசுவார்கள் என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள், நான் கவனித்துக்கொள்ளும் நோனா கூப்பிட்டுவிட்டார். அது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் கடிதம்.

பஸ், கடை, ஆஸ்பத்திரி, டிவி எல்லாம் எபிரெயுதான். ஆனால் நான் வேலை பார்க்கும் வீட்டுக்குள் இன்னொரு மொழி இருக்கிறது. நோனாவுக்கு வயது தொண்ணூறை ஒட்டி. துருக்கியில் இஸ்மிர் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். 1949இல் சிறுபெண்ணாக அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்திருக்கிறார். நோனா என்றால் பாட்டி. பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடுகிறேன். என்னிடம் எபிரெயுவில் பேசுவார். சாயங்காலம் தங்கையோடு போனில் பேச உட்கார்ந்தால் பேச்சு ஸ்பானிஷுக்கு மாறிவிடும். அதுவும் இன்றைய ஸ்பானிஷ் இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஸ்பானிஷ். வெளியில் அதை லதினோ என்கிறார்கள், நோனா எஸ்பன்யோல் என்றுதான் சொல்வார்.

துருக்கியில் பிறந்தவருக்கு ஸ்பானிஷ் எப்படி வந்தது? 1492இல், கொலம்பஸ் கப்பலேறிய அதே வருஷம், ஸ்பெயினின் ராஜாவும் ராணியுமான பெர்டினாண்டும் இசபெல்லாவும் யூதர்களுக்கு ஓர் ஆணை போட்டார்கள்: ஞானஸ்நானம் எடு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ. போனவர்களில் பலரைத் துருக்கி சுல்தான் இரண்டாம் பயஸித் ஏற்றுக்கொண்டார். இஸ்தான்புல்லிலும் இன்று கிரீஸ் நாட்டில் உள்ள தெசலோனிக்கேயிலும் குடியேறினார்கள், பிற்பாடு இஸ்மிரிலும். தெசலோனிக்கே என்றதும் பவுலின் நிருபம் உங்களுக்கு நினைவு வரும். அதே ஊர்தான். வெகுகாலம் அந்த ஊரில் யூதர்களே அதிகம், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள்கூட இந்த ஸ்பானிஷில்தான் பேசினார்கள்.

எழுதியது எபிரெய எழுத்தில். காயல்பட்டினத்து முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. 1730இல் இஸ்தான்புல்லில் யாக்கோபு ஹுலி என்ற ரபி ஆதியாகமத்துக்கு இந்த மொழியிலேயே பெரிய விளக்கவுரை எழுதி அச்சிட்டார். சாதாரண சனங்களுக்கு எபிரெயு புரியாமல் போய்விட்டது, அவர்கள் வேதத்தை விட்டு விலகிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. யூதர்கள் போன இடமெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஊர்க்காரர்களின் மொழியை எடுத்துக்கொள்வார்கள், தங்கள் எழுத்தில் எழுதுவார்கள், ஜெபத்தின் சொற்களை அதில் கலப்பார்கள், கிறிஸ்தவ வாசனை உள்ள சொல்லைத் தள்ளிவிடுவார்கள். ஸ்பானிஷில் ஞாயிற்றுக்கிழமைக்கு ‘கர்த்தருடைய நாள்’ என்ற பொருளில் பெயர் இருக்கிறது. நோனா அதைச் சொல்ல மாட்டார், அரபியிலிருந்து வந்த ‘அல்ஹாத்’தான் அவருக்கு.

இந்த மொழி குடியிருப்பது அடுக்களையில்தான் அப்பா. வாரம் முழுக்க வெங்காயத் தோலை ஒரு துணிப்பையில் சேர்த்து வைக்கச் சொல்வார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பானையின் அடியில் அந்தத் தோலைப் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, மேலேயும் தோலால் மூடி, கொஞ்சம் காப்பித்தூளும் எண்ணெயும் விட்டுத் தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். ஓய்வுநாள் காலையில் எடுத்தால் ஓடு செம்மண் நிறத்தில் இருக்கும், உள்ளே வெள்ளைக்கருவும் பழுப்பாகியிருக்கும். கை நடுங்கினாலும் முட்டையை அவரேதான் வைப்பார், எண்ணுவது உனோ, தோஸ், த்ரெஸ் என்று. கடையில் கணக்குப் பார்க்கும்போது எபிரெயுவில் எண்ணுகிறவர்தான்.

நாடு கடத்தியும் சாகாத மொழி மூன்று தலைமுறைக்குள் எப்படி ஒடுங்கியது என்பதுதான் என் மனசை அரிக்கிறது. 1860இல் பாரிசில் யூதர்களே ஆரம்பித்த ஒரு சங்கம் துருக்கி தேசமெங்கும் பள்ளிக்கூடம் திறந்தது. நல்ல படிப்பு, ஆனால் பிரெஞ்சில். வீட்டுப் பேச்சை அங்கே மொழியாகவே மதிக்கவில்லை. நோனாவின் அம்மா அதில் படித்தவர், விருந்தாளி வந்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாராம். 1928இல் துருக்கியில், ‘குடிமகனே, துருக்கி மொழியில் பேசு’ என்று இயக்கம் நடத்தினார்கள். தெசலோனிக்கேயிலோ பேசுகிற ஆட்களையே கொன்றுவிட்டார்கள். 1943 மார்ச்சிலிருந்து ரயில் ரயிலாக 40,000க்கும் மேற்பட்டவர்களை ஜெர்மானியர்கள் ஆஷ்விட்சு கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பியவர்கள் மிகக் கொஞ்சம். அந்த முகாமின் நினைவிடத்தில் லதினோவில் ஒரு கல்வெட்டு வைக்க 2003 வரை ஆனது.

தப்பி இங்கே வந்தவர்களின் பிள்ளைகளை எபிரெயு எடுத்துக்கொண்டது. நோனாவின் மகள் அம்மா பேசுவதைப் புரிந்துகொண்டு எபிரெயுவில் பதில் சொல்கிறார். பேரன்களுக்குச் சாப்பாட்டின் பெயரும் திட்டும் மட்டும் தெரியும். நெகேமியா 13இல், பிள்ளைகள் அஸ்தோத் பாஷை பேசினார்கள், யூத பாஷை பேசத் தெரியவில்லை என்று அவர் கொதிப்பாரே, அந்த அஸ்தோத் இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இன்றைக்கு அங்கேயும் எபிரெயுதான். குறைந்துபோனவை மற்ற யூத பாஷைகள்.

ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷுக்கும் இதே கதைதான். ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் பிறந்து போலந்து, ரஷ்யா வரை பரவியது. வோர்ம்ஸ் ஊரின் ஜெபப் புத்தகத்தில் 1272இல் எழுதிய ஒரு வரி இன்னும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அதைப் பேசியவர்கள் ஒரு கோடிக்கு மேல், இட்லர் கொன்றவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். இங்கே பினே பிராக் என்ற ஊரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி சொல்கிறாள், அங்கே பக்தி மிகுந்த குடும்பங்களில் சின்னப் பிள்ளைகள்கூட இன்னும் இத்திஷில்தான் சண்டை போடுகிறார்களாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் 1920களில் டெல் அவிவில் இத்திஷ் பேசினால் அதட்டுவதற்கென்றே இளைஞர் படை ஒன்று இருந்தது. எபிரெயுவைப் பேச்சுமொழியாக்கப் பாடுபட்ட எலியேசர் பென் யெகூதா 1881இல் எருசலேமுக்கு வந்து, தன் மகனை எபிரெயு மட்டுமே கேட்டு வளரும்படி வளர்த்தார். ஜெபத்திலும் ஏட்டிலும் இருந்த மொழி தெருவுக்கு வந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. அதற்காக மற்றவற்றை வெட்கப்பட வைத்திருக்க வேண்டியதில்லை. 1996இல் லதினோவுக்கும் இத்திஷுக்கும் அரசு சட்டம் போட்டுத் தனி ஆணையங்கள் அமைத்தது. நோனா அப்போதே பாட்டியாகிவிட்டார்.

அப்புறம், உங்களுக்குப் பிடித்த ஒன்று. இயேசு ‘தலீத்தாகூமி’ என்று சொன்னது அரமேயு மொழி. அந்த மொழியின் வழிவந்த பேச்சை குர்திஸ்தான் மலைகளிலிருந்து 1950களில் வந்த யூத முதியவர்கள் எருசலேமில் இன்றும் பேசுகிறார்கள்.

இன்னொன்று நம் பக்கத்துச் சங்கதி. நோனாவை அழைத்துப் போகும் முதியோர் பகல் மையத்தில் ஒரு அம்மா தனியாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். மலையாளம்! கொச்சி யூதர், 1950களில் வந்த குடும்பம். அவர்கள் பெண்கள் கல்யாணப் பாட்டுகளை நோட்டில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். நம் மார்த்தாண்டத்து மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தேன், கையை விடவே இல்லை. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குப் பகல்விளக்கு, பல்லக்கு, குடை உட்பட 72 உரிமைகள் கொடுத்த செப்பேட்டைப் பற்றி அவர்தான் சொன்னார். அது வட்டெழுத்தில் இருக்கிறது அப்பா, சிதறால் மலையில் பாறையைத் தடவி எனக்கு நீங்கள் காட்டிய அதே எழுத்து.

நோனாவின் சம்மதத்தோடு அவர் தங்கையோடு பேசுவதை போனில் பதிவு செய்து மூத்த பேரனுக்கு அனுப்பி வருகிறேன். அவன் இப்போது அர்த்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறான். செப்பேட்டைப் பற்றியும் சொன்னேன், பார்க்க வேண்டும் என்கிறான். அதன் வாசகம் அச்சில் உள்ள புத்தகம் நாகர்கோவில் நூலகத்தில் இருந்தால் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். பகல் மையத்தில் பாடிய அந்தக் கொச்சி அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகள்