'பாக்கலாமுங்க' என்றால் வேண்டாம் என்று பொருள்

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வீட்டுத்தோட்டம் போட்டுக் கொடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கமுங்க. பல்லடம் பக்கத்தில் நர்சரி வைத்திருக்கிறேன். உங்களில் சிலர் என்னிடம்தான் செடி எடுக்கிறீர்கள். ஒரே வீட்டின் பட்டியல் என்னிடம் இரண்டு தடவை வருகிறது. முதலில் உங்களுடையது: கொரியன் புல், ஃபாக்ஸ்டெயில் பாம், ஹெலிகோனியா. இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டு அம்மா தனியாக வருவார். கறிவேப்பிலை ஒன்று, பவளமல்லி ஒன்று, செவ்வரளி இரண்டு. கூடவே, "அந்தப் புல்லை எடுத்துப்போட ஆள் கிடைக்குமுங்களா?" அந்தப் பட்டியலை முதல் நாளே வாங்கியிருக்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. நம் ஊரில் மானாவாரி நிலம் காடு, வாய்க்கால் பாய்வது வயல், கிணற்றுத் தண்ணீர் பாய்வது தோட்டம். "தோட்டம் போடலாமுங்க" என்று நீங்கள் சொன்னதும் எதிரே இருக்கும் பெரியவருக்குத் தென்னையும் வாழையும் மஞ்சளும் ஞாபகம் வரும். பறித்து வீட்டுக்குள் கொண்டுபோக ஒன்றும் இல்லாத இடத்தைத் தோட்டம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டார். படித்த பிள்ளைகள், இப்போது இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்.

நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாது. "உங்களுக்குத் தெரியாததுங்களா, நீங்களே பாத்துப் பண்ணுங்க" என்றால் பேச்சை அத்தோடு முடிக்கிறார்கள். "பாக்கலாமுங்க" என்றால் வேண்டாம். "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க" என்றால் அநேகமாக விலை கட்டுப்படியாகவில்லை.

அதனால் என்ன பிடிக்கும் என்று கேட்டுப் பயனில்லை. யார் தண்ணீர் விடுவார்கள், துணி எங்கே காயும், மிளகாய் எங்கே காயும், சாயங்காலம் தாத்தா கயிற்றுக்கட்டிலை எங்கே இழுத்துப் போடுவார் என்று கேளுங்கள். விசேஷம் என்றால் பந்தல் எங்கே போடுவார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு வீட்டில் வாசலுக்கு நடுவே செயற்கை நீரூற்று வைத்தார்கள். அடுத்த தையில் பெண்ணுக்குக் கல்யாணம். பந்தல்கால் நட இடமில்லை. அந்த நீரூற்று இப்போது என் நர்சரி மூலையில் தவளை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பவர்களும் உண்டு. போன மாதம் ஒருவர் பாலித் தீவு விடுதிப் படத்தோடு வந்தார். பேசிப் பார்த்தால், மேற்குச் சன்னலில் நாலு மணி வெயில் அடித்து உள்ளே உட்கார முடியவில்லை. ஒரு புங்கமரத்தோடு போய்விட்டார். எனக்கு வியாபாரம் குறைவுதான்.

தண்ணீரைப் பற்றி அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். குளியலறை பக்கெட்டைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர்த் தண்ணீரில் உப்பு நிறைய. பெரிய வேலை என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். 500 சதுர அடிப் புல்லுக்குக் கோடையில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் என்று வைத்தாலே 230 லிட்டர் ஆகிறது. கோவையில் வருடம் முழுக்கப் பெய்வதே 600, 700 மி.மீ. அளவுதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். தென்மேற்குப் பருவமழையை மலை நிறுத்திக்கொள்கிறது. காற்று மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இங்கே வந்து ஹெலிகோனியா இலையை நார்நாராகக் கிழித்துவிட்டுப் போகிறது. டேங்கர் லாரிக்குப் பணம் கொடுக்கும் வீட்டில் புல்தரையைத் தள்ளிவிட்டு வருவதற்கு என்ன பெயர் வைப்பது? நானும் யோக்கியன் இல்லை. அந்தப் புல்லை விற்றவன் நான்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். படம் வரையும் முன்னால் வீட்டுக்காரர்களை ஒரு தடவை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், கட்டாயம் அந்த வீட்டு அப்பத்தாவோடு. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், பின்னால் நடந்தால் போதும். எந்தச் செடியின் இலையைக் கிள்ளி மோந்து பார்க்கிறார்கள் என்று நான் குறித்துவைக்கிறேன். டீ என் செலவு.

இப்படிக்கு,
பல்லடம் நர்சரிக்காரன்