லைப்ரரி அப்டேட்டுக்கு நேரம் தாங்க: கொழும்பு சொஃப்ட்வெயார் கொம்பனி மேலதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில சொஃப்ட்வெயார் கொம்பனி நடத்துற டிரெக்டர்மாருக்கும் டிலிவரி மேனேஜர்மாருக்கும் வணக்கம்.

ஸ்கேன் ரிப்போர்ட்ல சிவப்பில வாற வரி, நாங்கள் பாவிக்கிற லைப்ரரியில (வேற ஆக்கள் எழுதி வச்ச, நாங்கள் எடுத்துப் பாவிக்கிற கோட்) பாதுகாப்பு ஓட்டை இருக்கு எண்டு தான் சொல்லுது எண்டு உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல, அது உங்கட மெயிலுக்கும் தான் வருது. ஆனா போன மாசம் எனக்குத் தெரிஞ்ச ஒரு டீம்ல நடந்ததப் பார்த்த பிறகு பேசாம இருக்க மனம் வரேல்ல.

கிளையன்ட் வெளியால ஆள் பிடிச்சு செக்யூரிட்டி டெஸ்ட் செய்விச்சவங்கள். பில்லை பிடிஎஃப் ஆக்குற லைப்ரரி, அது இழுத்துக்கொண்டு வாற இன்னொரு லைப்ரரி, அதுக்குக் கீழ இன்னொண்டு, அந்த மூண்டாவதில ஒரு பழைய ஓட்டை. திருத்தின வேர்ஷன் வந்து கனகாலம். மட்டக்களப்பில இருந்து வந்து வெள்ளவத்தையில போர்டிங்ல இருக்கிற ஒரு தங்கச்சி அதை முதலே கண்டுபிடிச்சு டிக்கெட் (செய்யவேண்டிய வேலைக் குறிப்பு) போட்டவ. எந்த வேர்ஷனுக்கு மாத்தவேணும், மாத்தினா எந்த ரிப்போர்ட் உடையும் எண்டுகூட விபரமா எழுதியிருந்தவ. பிளானிங் மீட்டிங் வரேக்கயெல்லாம் "கிளையன்ட் கேட்ட ஃபீச்சர் முதல்ல முடியட்டும்" எண்டு தள்ளித் தள்ளி விட்டாங்கள். கடைசியில கிளையன்டும் இருந்த கோல்ல மேனேஜர் அவவிட்டயே கேட்டார், "அந்த மொடியூல் நீங்க தானே பாக்கிறது, ஏன் கவனிக்கேல்ல?" எண்டு. அந்தப் பிள்ளை டிக்கெட் நம்பரைக்கூடச் சொல்லாம வாயை மூடிக்கொண்டு இருந்தவ. போயா லீவுக்கு ஊருக்குப் போக இருந்தது, போகேல்ல, ஒஃபிஸ்ல இருந்து மாத்தினவ. மாத்தின உடன அவ சொன்ன அதே ரிப்போர்ட் தான் உடைஞ்சுது, பில்லில தமிழும் சிங்களமும் பெட்டி பெட்டியா வந்துது, அதையும் அவவே விடியும்வரை இருந்து சரிசெய்தவ.

நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்ல. ஒவ்வொரு ஸ்பிரின்ட்லயும் (சில கிழமை வேலைச் சுற்று) ஒரு ஆளுக்கு ஒரு முழு நாள் லைப்ரரி அப்டேட் வேலைக்கெண்டே ஒதுக்குங்க. பிற்போடுறதெண்டா, யார் என்ன காரணத்துக்குப் பிற்போட்டது எண்டு உங்கட பேரோட அந்த டிக்கெட்லயே எழுதுங்க.

2021 டிசம்பர்ல லொக்4ஜே, அதாவது ஜாவா புரோகிராம்கள் லொக் (நடந்ததைக் குறிச்சு வைக்கிற பதிவு) எழுதப் பாவிக்கிற லைப்ரரி, அதில பிரச்சினை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சேர்வர் லொக்ல எழுதுற ஒரு வரியை வச்சே வெளியால இருக்கிறவன் தன்ர கோடை எங்கட சேர்வர்ல ஓடவிடலாம். 10க்கு 10 ஆபத்து எண்டு புள்ளி போட்டவங்கள். ஜாவா லைப்ரரி பெக்கேஜ்கள் இருக்கிற மேவன் சென்ட்ரல் எண்ட பொதுக் களஞ்சியத்தில 17,000க்கு மேற்பட்ட பெக்கேஜ்கள அது பாதிச்சிருந்தது, அதில பெரும்பாலானதில நேரடியா இல்ல, இன்னொரு பெக்கேஜுக்கு உள்ளால வந்தது. நாங்கள் லொக்4ஜே போடவே இல்ல எண்டு சொன்ன டீம்களும் தேடித் திரிஞ்சது அதால தான். எக்குவிஃபெக்ஸ் எண்ட அமெரிக்கக் கடன் தகவல் கொம்பனியின்ர கதை இன்னும் மோசம். அவை பாவிச்ச அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் எண்ட வெப் லைப்ரரிக்கு 2017 மார்ச்ல திருத்தம் வந்திட்டுது, ஹேக்கர்மார் உள்ள போனது மே மாசம், கிட்டத்தட்ட 14 கோடி 70 லட்சம் பேற்ற விபரம் போனது. மருந்து கையில இருந்தும் குடுக்கேல்ல. எங்கட நாட்டிலயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நாளைக்குக் கேள்வி கேட்டா மொடியூல் பாக்கிற பிள்ளையையா முன்னால விடப்போறியள்?

அதுக்குத்தானே டூல் இருக்கு, தானா அப்டேட் ஆகட்டும் எண்டு சிலர் சொல்லுறியள். 2025 செப்டம்பர்ல ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜ்கள் இருக்கிற என்பிஎம் களஞ்சியத்தில நடந்ததப் பாருங்க. சோக், டிபக் மாதிரி எல்லாரும் பாவிக்கிற பெக்கேஜ்கள வச்சிருந்தவரை பொய் மெயிலால ஏமாத்தி, புது வேர்ஷன்லயே கள்ளக் கோடை வச்சு வெளியில விட்டாங்கள். வந்த உடன கண்ண மூடிக்கொண்டு இழுத்தவைக்குத்தான் அடி. அதால எந்த வேர்ஷன் எண்டு பூட்டி வைக்கிற லொக்ஃபைல் இருக்கவேணும், என்ன மாறியிருக்கு எண்டு ஒரு ஆள் இருந்து வாசிக்கவேணும், டெஸ்ட் ஓடவேணும். இதெல்லாம் வேலை சேர். மனுசற்ற நேரம் எடுக்கிற வேலை.

இன்னொண்டும் சொல்லவேணும், கோவிக்காதேங்க. இந்த லைப்ரரி எழுதுற ஆக்கள் கனபேர் சம்பளம் இல்லாமத்தான் செய்யினம். எக்ஸ்இசட் எண்ட சின்ன கம்பிரஷன் லைப்ரரிய களைச்சுப்போன ஒரே ஒரு மனுசன் தான் பார்த்துக்கொண்டிருந்தவர், உதவிக்கு வாற மாதிரி வந்த ஒரு ஆள் வருசக்கணக்கா நம்பிக்கை சேர்த்து, களவா உள்ள போறதுக்கு அதில பின்கதவு வச்சான். 2024 மார்ச்ல ஒரு எஞ்சினியர், எஸ்எஸ்எச் (தூர இருந்து சேர்வருக்குள்ள போற வழி) லொகின் அரை செக்கன் பிந்துதே எண்டு தோண்டிப் பார்த்ததால உலகம் தப்பினது. இந்தக் கொழும்பில எத்தினை கொம்பனி இப்பிடி ஒரு லைப்ரரிக்கு ஒரு சதம் குடுத்திருக்கு? ஒரு திருத்தம் எழுதி அனுப்ப ஸ்டாஃப்புக்கு அரை நாள் விட்டிருக்கா? எடுக்கிறது மட்டும் தானே நடக்குது.

மன்னிக்கவேணும், கதை வேற பக்கம் போயிட்டுது. கேட்டது ஒண்டுதான், ஸ்பிரின்டுக்கு ஒரு முழு நாள், பிற்போட்டா உங்கட பேர். கிளையன்ட் காசு தரமாட்டான் எண்டு சொல்லாதேங்க, கொட்டேஷன் எழுதேக்கயே லைப்ரரி பராமரிப்பு எண்டு தனி வரி போட்டு மணித்தியாலத்தையும் போடுங்க. கிளையன்ட் அதை வெட்டச் சொன்னா, "வெட்டினது நாங்கள் தான்" எண்டு அவங்களிட்ட எழுத்தில வாங்குங்க. வாற குவாட்டர் பிளானிங்குக்கு முதல் இதை ஒருக்கா உங்கட டீம் லீட்மாரோட இருந்து கதைங்க, தயவுசெய்து.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு டெவலப்பர்