பில்லுக்குப் போன கணக்கு எனக்கு ஏன் வரவில்லை?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், மின் விநியோக நிறுவனம், டெல்லி

பொருள்: ஸ்மார்ட் மீட்டர் ஆப் 17 நாள் முடங்கியதால் ஜூன் மாத மானியம் பறிபோனது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மூன்று மின்னஞ்சல், ஏழு போன், ஒரு நேரடி அலைச்சல் எல்லாம் முடிந்து இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அனுப்பிய மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இந்த முறை என் மொழியிலேயே எழுதுகிறேன். என் மகள் செய்த இந்தி மொழிபெயர்ப்பும் பில் நகலும் இணைத்திருக்கிறேன்.

ஜூன் பில் 406 யூனிட். டெல்லியில் 201 முதல் 400 யூனிட்டுக்குள் இருந்தால் பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். ஒரு யூனிட் தாண்டினாலும் அது கிடையாது. எங்களுக்குக் கூடுதலாகப் போனது 6 யூனிட். யூனிட் 6 ரூபாய் 50 காசு கணக்கில் 39 ரூபாய்க் கரண்ட். அதற்காக 800 ரூபாய் போய்விட்டது. ஓய்வூதியத்தில் நடக்கும் வீடு இது. அந்த மாதக் கணக்கே தலைகீழாகிவிட்டது.

மீட்டர் ஓட்டம் தவறு என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் போன் ஊழியர்கள் திரும்பத் திரும்ப "செக் மீட்டர் கேளுங்கள்" என்கிறார்கள். ரீடிங் மேல் சந்தேகம் என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளில் சரிபார்க்க ஒரு கூடுதல் மீட்டர் (அதுதான் செக் மீட்டர்) வைக்க வேண்டும் என்ற 2024 விதி எனக்கும் தெரியும். எனக்கு அது வேண்டாம். பில் வந்த பிறகு மீட்டர் பொத்தானை அழுத்தி அதன் எல்.சி.டி. திரையில் நானே பார்த்தேன், பில்லும் அதுவும் ஒத்துப்போகிறது. என் புகார் வேறு. ஸ்மார்ட் மீட்டர் தானே அனுப்பும் ரீடிங்கைப் போனில் காட்டும் உங்கள் ஆப், ஜூன் 13 அன்று 176 யூனிட் காட்டியது; அதற்குப் பிறகு மாதக் கடைசி வரை அந்த 176-லேயே நின்றது. 350 யூனிட்டைத் தொட்டதும் ஆப்பில் வர வேண்டிய எச்சரிக்கை வரவில்லை. கேட்டால் "உங்கள் மீட்டரிலிருந்து தரவு வரவில்லை" என்றார்கள். சரி. அப்படியானால் ஜூலை முதல் தேதி 406 என்று பில் மட்டும் எப்படி வந்தது? யாரும் வந்து ரீடிங் எடுக்கவில்லையே! உங்கள் கணக்குக்குப் போன தரவு என் கைக்கு மட்டும் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு இன்று வரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உங்கள் அலுவலகத்துக்கு நேரில் போனபோது பார்த்த நாலாம் எண் கவுண்டர்க்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜூன் 24, கொளுத்தும் வெயில். மெட்ரோ, அப்புறம் ஆட்டோ, டோக்கன் 63, இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். என் முறை வந்தபோது அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "மேடம், பில் வந்தால் கட்டுங்கள். வேலையில்லாதவர்கள்தான் ஆப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்" என்றார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். 28 வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என்னை யாரும் இப்படிப் பேசியதில்லை. கடைசியில் "இன்று ராத்திரிக்குள் ஆப்பில் தரவு வந்துவிடும்" என்று அனுப்பிவைத்தார். அதை நம்பித்தான் கீழே இறங்கி மீட்டரைப் பார்க்காமல் இருந்தேன். மீட்டர் பெட்டி தரைத்தளத்தில், நாங்கள் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எனக்கு முழங்கால் வலி. அன்றே ரீடிங் எவ்வளவு என்று அவர் தன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட மீதி ஆறு நாளில் சமாளித்திருப்பேன்.

இந்த ஆப்பை நான் விளையாட்டுக்குப் பார்க்கவில்லை. பிப்ரவரியில், அரைமணிக்கு அரைமணி மின் செலவைக் காட்டும் ஆப்பின் பட்டைகளில், எல்லோரும் தூங்கும் இரண்டு மணிக்கு ஒன்று உயர்ந்து நின்றது. தேடினால் கீசர். சுவிட்சை அணைக்காமல் விட்டதால் தண்ணீர் ஆற ஆறத் தானே மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் செட்டாப் பாக்ஸ். பத்து வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாதம் ஏழு யூனிட். அதாவது என்னிடமிருந்து 800 ரூபாயைப் பிடுங்கிய ஆறு யூனிட்டுக்கும் மேல்! ஏசியை 26-ல் வைத்து மின்விசிறி போடுகிறோம், ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்று படித்த பிறகு. 84 வயது மாமியாரே ஒத்துழைக்கிறார். கண்ணால் பார்த்ததால்தான் இத்தனையும் செய்ய முடிந்தது. இங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடமெல்லாம் "மீட்டர் மாற்ற வந்தால் பயப்படாதீர்கள், நல்லது" என்று நானே சொல்லிவந்தேன். இப்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஐந்து மாதப் பாடு வீணாகிவிட்டது.

ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒரு முறையாவது தூரத்திலிருந்து படித்து, அந்தத் தரவை நுகர்வோருக்குத் தர வேண்டும் என்று நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-இல் செய்த திருத்தம் சொல்கிறது. நான் சலுகை கேட்கவில்லை.

தயவுசெய்து 800 ரூபாயை அடுத்த பில்லில் வரவு வையுங்கள். ஜூன் 14 முதல் 30 வரையிலான அரைமணித் தரவை எனக்கு அனுப்புங்கள். ஆப் நின்றால் ரீடிங்கை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கவுண்டர் ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை விடமாட்டேன். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 5,000 ரூபாய் கேட்கவும் எனக்கு உரிமை உண்டு. உங்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், மீட்டர் மாட்ட வந்த தம்பி அத்தனை பொறுமையாக விளக்கினார். அதனால்தான் இன்னும் 15 நாள் பொறுக்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கும் முடியாவிட்டால் மேல்முறையீட்டை விசாரிக்கும் மின்சார ஆம்புட்ஸ்மேன் வரை போவேன். போன் நம்பர், தேதி, நேரம், டோக்கன் சீட்டு எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பில் நகலில் உள்ள சி.ஏ. எண்ணின் (மின் கணக்கு எண்) நுகர்வோர்