வயிற்றில் பிள்ளையோடு பயிற்சிக்கு வருகிறவளுக்காக ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் கிளினிக் நடத்தும் விலங்கு மருத்துவர்களுக்கும், எங்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பும் கல்லூரி ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் விலங்கு மருத்துவத் தாதியர் படிப்பில் கடைசி ஆண்டு மாணவி. வீடு பட்டர்வொர்த், பயிற்சி தீவில், காலையில் ஃபெர்ரி. இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பக்கம் "ஒரு செமஸ்டர் தள்ளிப் போட்டுக்கொள்ளம்மா" என்றார்கள். இன்னொரு பக்கம் "மற்ற பிள்ளைகள் செய்வதைச் செய்ய முடிந்தால் தொடரலாம்" என்றார்கள். யார் மீதும் கோபமில்லை, அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் எந்த வேலை, எந்த அறை, எந்த மருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்பதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான்.

வீட்டிலும் இதே நிலைமை. "பூனைப் பக்கமே போகாதே" என்று அத்தை தினமும் போன் போடுகிறார். அவர் பயப்படுவது சிசுவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமிக்கு. பூனையைத் தடவுவதால் அது வந்துவிடாது. கிருமி பூனையின் மலத்தில் வெளியே வருகிறது. வந்த பிறகும் தொற்றும் நிலைக்கு மாற ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதனால் மணல் தட்டை இன்னொருவர் தினமும் கையுறை போட்டுச் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும், கழுவாத கீரையிலிருந்தும்கூட அது வரும். முன்பே தொற்று வந்து போயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். பூனை விஷயத்தில் எனக்கு உண்மையான பயம் வேறு: மூக்கிலும் பாதத்திலும் ஆறாத புண்ணோடு வரும் பூனை. நம் நாட்டில் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று பூனையின் நகக்கீறலிலிருந்து மனிதருக்கு வருகிறது. அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் இட்ராகோனசோல் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்கும் மருந்து. அந்தப் பூனையை நான் பிடிக்கக் கூடாது என்பது ஒரே வரி. எங்கும் எழுதப்படவில்லை.

மயக்க வாயு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். ஆக்ரோஷமான தெருப்பூனை ஒன்று வருகிறது. ஊசி போட விடாது. முகமூடியை வைத்து ஐசோஃபுளுரேனைத் திறந்துவிடுகிறோம். பூனை தலையை ஆட்ட ஆட்ட, முகமூடிக்கும் மூஞ்சிக்கும் நடுவே வாயு கசிந்து, பிடித்துக்கொண்டிருப்பவளின் மூக்குக்கு நேராக வருகிறது. ஒருமாதிரி இனிப்பும் காரமுமான வாடை. வாடை தெரிகிறது என்றாலே அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். இந்த வகை வாயுக்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்ச அளவு பத்து லட்சத்தில் 2 பங்குதான். வாயுவை வெளியேற்றும் குழாய் மாட்டப்பட்டிருக்கிறதா, கரி வடிகட்டி நிரம்பாமல் இருக்கிறதா, பிராணியின் தொண்டைக்குள் விடும் மூச்சுக்குழாயின் பலூன் கசிவில்லாமல் ஊதியிருக்கிறதா, இவை மூன்றும் சரியாக இருந்தால் கர்ப்பிணி மாணவிகூட மயக்கத்தைக் கண்காணிக்கலாம். முகமூடி வைக்கும் நேரமும், மருந்தை வாயுவாக்கும் வேப்பரைசரில் அதை ஊற்றும் நேரமும், கண் விழிக்கும் பிராணி மூச்சை நம் மேல் விடும் அந்தக் கொஞ்ச நேரமும்தான் தவிர்க்க வேண்டியவை. ஆனால் எங்களிடம் என்ன சொல்கிறார்கள்? "ஆபரேஷன் தியேட்டர் பக்கம் வர வேண்டாம்." அப்புறம் லாக்புக்கில், அதாவது செய்த ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து வாங்கும் பயிற்சிப் பதிவேட்டில், மயக்கக் கண்காணிப்புக்கான கையெழுத்து இல்லையென்றால் தேர்ச்சி கிடையாது.

உண்மையில் பிரச்சினையே அந்த லாக்புக்தான். எக்ஸ்ரே பக்கத்தை எடுங்கள். நாயைச் சரியாகப் படுக்க வைக்கத் தெரிகிறதா என்றுதான் அது பார்க்க வேண்டும். நடைமுறையில் ஈய அங்கி போட்டுக்கொண்டு கையால் பிடித்தவளுக்குத்தான் கையெழுத்து. ஈய அங்கி சிதறும் கதிரைத்தான் தடுக்கும், நேர்க்கதிரை முழுக்கத் தடுக்காது என்று வகுப்பில் நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு சிசுவுக்குச் சேரும் கதிர் மீதி மாதங்கள் முழுக்கச் சேர்த்து 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, மணல் மூட்டைகளை அண்டை கொடுத்து, கோணம் பார்த்து வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால் படம் எடுக்கலாம். இதில் மாணவியின் திறமை குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால், திமிறும் நாயை அமுக்கிப் பிடிப்பதைவிட இதற்குத்தான் மூளை வேண்டும்.

மற்றவற்றில் பேச்சுக்கே இடமில்லை. தெருநாய்களின் பால்வினைக் கட்டிக்குப் போடும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து, அந்த நாயின் சிறுநீர், படுக்கைத் துணி, இவை எதையும் கர்ப்பிணி தொடக் கூடாது. கர்ப்பப்பைச் சீழுக்குக் கொடுக்கும் புரோஸ்டாகிளாண்டின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து, தோல் வழியாகவே உள்ளே போய்விடும். குட்டி போடும் ஆட்டைப் பார்க்க அழைத்துப் போகும் பண்ணைப் பயணமும் அப்படித்தான். ஆடு குட்டி போடும்போது மனிதருக்குத் தொற்றக்கூடிய கியூ காய்ச்சல் என்பது பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிற பெயர் இல்லை.

இனி மனதில் உறுத்துவதைச் சொல்கிறேன். சிசுவின் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில். அந்த வாரங்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்? தெரிந்தாலும் மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லாதே என்று நம் வீடுகளில் வாயைக் கட்டிவிடுவார்கள். சொன்னால் பயிற்சி இடம் போய்விடுமோ என்ற பயம் வேறு. அதனால் "கர்ப்பம் என்று சொல், பிறகு பார்க்கலாம்" என்ற ஏற்பாடு, பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில் எங்கள் யாருக்கும் உதவாது. கையால் பிடித்து எக்ஸ்ரே எடுப்பதில்லை, வாயுக் குழாயைச் சரிபார்க்காமல் மயக்கம் கொடுப்பதில்லை, புற்றுநோய் மருந்தை மாணவர் கையில் கொடுப்பதில்லை என்பதை எல்லா மாணவருக்கும் பொது விதியாக வையுங்கள். ஆண் பிள்ளைகளும் அதனால் கெட்டுப்போக மாட்டார்கள்.

சட்டம் தெரியாமல் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி முதல் வேலை செய்யும் பெண்களுக்கு 98 நாள் பிரசவ விடுப்பு. கர்ப்பிணி என்பதற்காக வேலையை விட்டு நீக்கவும் முடியாது. சம்பளப் பட்டியலில் பெயரில்லாத மாணவி அந்தக் கதவைத் தட்டப் போனால் "நீ தொழிலாளியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 17-ஆம் பிரிவில், தன் தொழிலாளி அல்லாதவர்களின் பாதுகாப்புக்கும் முதலாளி பொறுப்பு என்கிறது. உங்கள் கிளினிக்கில் நிற்கும் நானும் அதில் அடக்கம்.

அரசு கிளினிக்கில் எனக்குக் கர்ப்பிணிகளுக்கான ரோஸ் நிறப் பதிவுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயுள்ள தாதி என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். "விலங்கு கிளினிக்" என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எக்ஸ்ரே உண்டா, என்ன மருந்து புழங்குகிறது, எவ்வளவு கனம் தூக்குகிறாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் உங்களிடம் எதிர்பார்ப்பது அந்த விசாரணையைத்தான், பயிற்சி தொடங்கும் முன்பே, எழுத்தில்.

ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் கல்விக் கடன் நீளும், கைக்குழந்தையோடு மறுபடி முதலிலிருந்து இடம் தேட வேண்டும். அப்படிப் போன அக்காமார் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது கல்லூரிக்கே தெரியும்.

வேலை வேலையாகப் பிரித்து ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன்: செய்யலாம், இந்த ஏற்பாட்டோடு செய்யலாம், கூடாது. பக்கத்திலேயே லாக்புக்கின் எந்தக் கையெழுத்துக்கு எது ஈடு என்றும் குறித்திருக்கிறேன். மைக்ரோஸ்கோப், ஆட்டோகிளேவ், பல் சுத்தப் பதிவேடு, உணவு ஆலோசனை என்று ஈடு செய்ய வேலைக்குப் பஞ்சமில்லை. இந்த வாரமே ஒருங்கிணைப்பாளர் மேசைக்கு வந்துவிடும். டாக்டர்கள் தப்பான இடத்தைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்துங்கள். அடுத்த பேட்ச் உள்ளே வருவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
கடைசி ஆண்டு மாணவி ஒருத்தி, பட்டர்வொர்த்