லொறி ரயர் கடைகளுக்குக் காற்றடிக்கும்போது சில்லை வைக்கும் பாதுகாப்பு இரும்புக் கூடும் பயிற்சியும் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

ஊடாக: பிரதேச செயலாளர், கரைச்சி.

விடயம்: கனரக வாகனங்களின் ரயர் பூட்டுதல், காற்றடித்தல், பலன்சிங் (சில்லின் பாரத்தைச் சமப்படுத்தல்) செய்தல் ஆகிய வேலைகளில் உள்ள ஆபத்தைக் குறைக்க உதவி கோருதல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

பரந்தனுக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதியோரம் லொறி, டிப்பர் ரயர் வேலை செய்யும் கடைக்காரர் சிலரின் சார்பில் இதை எழுதுகிறேன். மீள்குடியேறி வந்து, 2010 இல் ஒரு கொம்பிரசரும் இரண்டு லீவரும் வைத்துக்கொண்டு தொடங்கிய கடை என்னுடையது. எங்களில் எவரும் இந்த வேலையைப் படித்துப் பழகியவர்கள் இல்லை. பார்த்துப் பழகினோம்.

போன மாசியில் காலபோக அறுவடை மும்முரமாக நடந்த நேரம், வட்டக்கச்சிப் பக்கமிருந்து நெல் ஏற்றிவந்த லொறியொன்று பொழுதுபடும் வேளையில் வந்து நின்றது. பின்சில்லு ஒன்றில் காற்று இல்லை. 10.00-20 ரயர், லொக் ரிங், அதாவது ரயர் கழராமல் பிடிக்கும் இரும்பு வளையம் போட்ட பழைய ரிம். சாரதிக்கு அன்றிரவே ஆலைக்குப் போயாக வேண்டும். ரியூபை ஒட்டி, ரியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வரும் பிளாப் என்ற றப்பர் பட்டியை வைத்து, ரிங்கையும் போட்டுக் காற்றடிக்கத் தொடங்கினோம். காற்றின் அமுக்கம் 60 இறாத்தல் வரும்போது ரிங்கின் ஒரு பக்கம் சரியாக அமரவில்லை என்று கண்டு, என்னோடு வேலை செய்த பொடியன் சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டினான். எங்கள் எல்லோருடைய கடையிலும் நடக்கிற தட்டுத்தான் அது. ரிங் கழன்று அவனுடைய முழங்கையை அடித்து, கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் தென்னம்பாத்தியில் விழுந்தது. அந்தக் கை இன்றுவரை நீட்டி மடிக்க வராது. தகரத்தை நான் மாற்றவில்லை. பின்னேரத்தில் அந்தக் கிழிசலால் வெயில் ஒரு கீற்றாகக் கொம்பிரசரின் மேல் விழும்.

பிழை என்னுடையதுதான். காற்று இருக்கும்போது ரிங்கில் கை வைக்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். எனக்கே அது அப்போது தெரியாது.

லொறி ரயருக்கு 100 இறாத்தல் காற்று என்பது எங்கள் வாயில் சாதாரணமாக வரும் கணக்கு. அதன் பொருள், உள்ளே ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் 100 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 45 கிலோ அமுக்கம். ஒரு உள்ளங்கை அகலத்துக்கே அரைத் தொன்னுக்கு மேல் வரும். துருப்பிடித்த ரிங், வேறு ரிம்மிலிருந்து எடுத்த பொருந்தாத ரிங், பழைய இரும்புக் கடையில் வாங்கி நெளிவெடுத்த ரிங், இவற்றை நம்பித்தான் அதன் முன்னால் குந்தியிருக்கிறோம். சிலர் ரிங்கைச் சங்கிலியால் கட்டுவார்கள். சிலர் ரிங் பக்கத்தை நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைப்பார்கள். ஜேசிபி வாளியால் அமத்திப் பிடித்துக் காற்றடித்ததையும் கண்டிருக்கிறேன். மனத் தைரியத்துக்கு இவை உதவலாம். ரிங் பறந்தால் எதுவும் நில்லாது.

இதற்குச் செய்ய வேண்டியது தெரியாத காரியமல்ல. அமெரிக்காவில் இப்படி ரிங் போட்டுச் சேர்க்கும் பல துண்டு ரிம்களுக்கென்று 1980 இலேயே விதி எழுதிவிட்டார்கள். 1984 இல் ஒற்றைத் துண்டு ரிம்மையும் அதில் சேர்த்தார்கள். கழற்றிய பல துண்டு ரிம் சில்லை இரும்புக் கூடு போன்ற தடுப்புக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வெடித்தால் வரக்கூடிய விசையின் ஒன்றரை மடங்கைக் கூடு தாங்க வேண்டும். ரயரின் காற்று ஏறும் வாயான வல்வில் தானாகக் கவ்வி நிற்கும் முனையும் நீண்ட குழாயும் வைத்து, அடிக்கிறவர் விலகி நிற்க வேண்டும். இன்னொன்று, எங்கள் ஊருக்கு மிகவும் தேவையானது: குறித்த அளவில் 80 வீதமோ அதற்குக் குறைவாகவோ காற்றுடன் ஓடிய சில்லை, வல்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்டுப் பிரித்துப் பார்க்காமல் திரும்ப நிரப்பக்கூடாது. இங்கே கிறவல் ஏற்றும் டிப்பர்கள் காற்றிறங்கிய சில்லோடு மைல்கணக்கில் ஓடிவந்து, "கொஞ்சம் காத்து மட்டும் அடிச்சு விடண்ணை" என்று நிற்பது அன்றாடம்.

பூட்டுவதிலும் குறை உண்டு. சில்லும், அது பூட்டப்படும் அச்சின் தலையான ஹப்பும் சேரும் முகத்தில் செம்மண்ணும் துருவும் படிந்திருக்க, அதைச் சுரண்டாமலே பூட்டுகிறோம். பிறகு ஸ்பானருக்குக் குழாய் போட்டு ஏறி மிதிக்கிறோம். அந்த மண் ஓட்டத்தில் உதிர நட் இளகும், ஸ்ரட் முறியும். ஜப்பான் லொறிகள் பலவற்றில் இடப்பக்க நட்டுகள் எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகும் எதிர்மரை என்பதைக்கூட முறித்த பிறகு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பூட்டி 50, 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டை மீண்டும் இறுக்க வேண்டும். அதற்காக எந்தச் சாரதியும் திரும்பி வருவதில்லை, நாங்களும் சொல்லியனுப்புவதில்லை. இரட்டைச் சில்லில் தேய்ந்ததையும் புதியதையும் சோடி சேர்த்தால் பெரியதே பாரம் முழுவதையும் தாங்கிச் சூடாகும்.

பலன்சிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்புக்கு ஓடும் லொறிகளில் முன்சில்லு உதறுவதையும், ரயர் குழி குழியாகத் தேய்வதையும் "றோட்டுப் பிழை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பாதி வேளை ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேறுதான் காரணம், கழுவினாலே தீரும். மீதிக்கு இயந்திரம் வேண்டும். கார்ச் சில்லுக்கான இயந்திரம் லொறிச் சில்லின் பாரத்தைத் தாங்காது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தின் உதவியோடு பாதுகாப்புக் கூட்டுக்கு ஒரு வரைபடம் தயாரித்து, ஒரு மாதிரிக் கூட்டைச் செய்து சோதித்துத் தர வேண்டும். ஆளுக்கொரு விதமாகக் குழாயை ஒட்டிச் செய்தால் அதுவும் ஆளைக் கொல்லும் பொறியாகிவிடும் என்று பயப்படுகிறோம். சோதித்த மாதிரி கிடைத்தால் இங்குள்ள ஒட்டுவேலைக் கடைகளிலேயே எங்கள் செலவில் செய்துகொள்வோம். கடையை மூடிவிட்டு நாட்கணக்கில் வர முடியாத எங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குறுகிய பயிற்சியும் சான்றிதழும் ஒழுங்கு செய்ய வேண்டும். லொறிச் சில்லுக்கான பலன்சிங் இயந்திரம் ஒன்றைப் பொதுவான இடத்தில் வைத்தால் கட்டணம் கொடுத்துப் பாவிப்போம்.

ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தைக் காட்டி நாளைக்கே சோதனைக்கு வந்தால், பலர் கடையைப் பூட்டிவிட்டு கொம்பிரசரை லான்ட்மாஸ்ரர் உழவியந்திரத்தில் ஏற்றிக்கொண்டு மரநிழல்களுக்குப் போய்விடுவார்கள். அங்கே கூரைத் தகரம்கூட இராது. எனவே முதலில் கூட்டையும் பயிற்சியையும் தாருங்கள். அதன்பின் ஒரு தவணை குறித்து, கூடு இல்லாத கடைக்குப் பிரதேச சபை வியாபார உரிமத்தைப் புதுப்பிக்காமல் விடட்டும். அதை நாங்களே கேட்கிறோம்.

இது குறித்துப் பேச ஒரு நாளும் நேரமும் தந்தால் நான்கைந்து பேராக வருவோம். அந்த ரிங் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
ரயர் கடை உரிமையாளர் ஒருவர்,
இணைப்பில் கையொப்பமிட்டுள்ள கடைக்காரர் சார்பாக.