செயலாளர் ஆண்டறிக்கை: இளையோர் வாசிப்புக் குழுவின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் செயற்குழு ஆறு முறை கூடியது. நூல் அறிமுகக் கூட்டங்கள் இரண்டும் மொழிபெயர்ப்புக் கருத்தரங்கு ஒன்றும் நடந்தன. மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம். நூலக அலமாரிகளுக்குப் பூட்டு மாற்றப்பட்டது.

இனி இளையோர் வாசிப்புக் குழு. சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் நான் முன்மொழிந்து, சிறு சலசலப்புக்குப் பின் நிறைவேறிய தீர்மானம் அது. 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் மாதம் ஒருமுறை கூடி, தங்கள் வயதினருக்கென்று அண்மையில் எழுதப்பட்ட நாவல்களையும் கதைகளையும் படித்துக் கருத்துச் சொல்வார்கள். அதை நாம் கேட்போம் என்று தீர்மானித்தோம். பிள்ளைகள் தங்கள் பங்கைக் குறையின்றிச் செய்தார்கள். நம் பங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

11 பேருடன் தொடங்கிய குழுவில் இப்போது 19 பேர். முதல் மாதம் யாரைக் கேட்டாலும் ‘நன்றாக இருந்தது’ என்ற ஒரே பதில். பெரியவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழகியவர்கள். அடுத்த மாதம் மேசைமேல் ஒரு நீள நோட்டை வைத்தேன். பெயர் வேண்டாம், வயது போதும். பாதியில் மூடிவிட்டால் எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று எழுதுங்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. நான் தேர்ந்தெடுத்த ஒரு நாவலைப் பற்றி ஏழு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் 40ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. மறுபடி எடுத்துப் படித்தேன். 38ஆம் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நுழைந்து மூன்று பக்கங்களுக்கு நல்லொழுக்கம் பேசுகிறார். முதல் வாசிப்பில் எனக்கு அது உறுத்தவே இல்லை.

14 வயது என்று குறித்த ஒரு கையெழுத்து இப்படிச் சொல்கிறது: “இந்தப் பையன் என்னைப்போல் பேசவில்லை. நான் எப்படிப் பேச வேண்டும் என்று வீட்டில் எதிர்பார்க்கிறார்களோ அப்படிப் பேசுகிறான்.” இன்னொருவர்: “கதையில் கைபேசி வந்தாலே ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. என் தோழிகளில் பாதிப் பேருடன் நான் பேசுவதே அதில்தான்.” தந்தையை இழந்த சிறுமியைப் பற்றிய நாவலுக்கு 16 வயதுப் பெண் எழுதியது ஒரே வரி: “கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் சிரிக்க வைக்காததற்கு நன்றி.”

அவர்களுக்குள்ளும் ஒத்த கருத்து கிடையாது. 13 வயதினர் மாயாஜாலத் தொடர்களின் அடுத்த பாகத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். 17 வயதினருக்கோ ‘இளையோருக்கு’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதே கூச்சமாக இருக்கிறது. முதல் பத்துப் பக்கம் மெதுவாகப் போனால் புத்தகத்தையே ஒதுக்கிவிடும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

ஒரு கூட்டத்துக்கு வந்திருந்த மூத்த உறுப்பினர், படக்கதை படிப்பதெல்லாம் வாசிப்பாகுமா என்று கேட்டார். ஒரு பெண் எழுந்து அவர் முன் ஒரு பக்கத்தை விரித்து வைத்தாள். நான்கு கட்டங்கள், ஒரு சொல்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்து நிற்கும் அம்மாவின் முகம் கட்டத்துக்குக் கட்டம் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. நான்காவதில்தான் அவர் அழுதிருப்பது தெரிகிறது. “ஐயா, இதை எப்படி எழுதுவீர்கள்?” என்று கேட்டாள். அவர் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார். வந்து கேட்டவர் என்பதால் அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

பெற்றோர் பிரிந்து வாழும் கதையை அலமாரியிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. செயற்குழுவில் வைத்தேன்; நீக்க வேண்டாம் என்று வாதாடியவனும் நானே. நோட்டில் அந்தக் கதைக்குத்தான் அதிகப் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன.

இப்போது நம் பங்கு. ஆண்டு முடிவில் பிள்ளைகள் தங்கள் கருத்துகளைத் தொகுத்து நம் முன் வாசிப்பதாக ஏற்பாடு. 64 உறுப்பினர்களுக்கும் அழைப்பு போனது. வந்தவர்கள் ஐந்து பேர். 19 பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி வாசித்தார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களின் எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. அதை இங்கே படிக்கப்போவதில்லை.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்பதாகக் காதுக்கு வந்தது. பிரான்சில் 1988 முதல், அந்நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசின் பட்டியலில் இடம்பெறும் நாவல்களை மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் படித்து விவாதித்துத் தங்கள் பரிசைத் தனியே அறிவிக்கிறார்கள். பிரிட்டனில் சிறுவர், இளையோர் நூல்களுக்கென 1936இல் தொடங்கிய கார்னகி பதக்கத்தின் இறுதிப் பட்டியலைப் பள்ளி வாசிப்புக் குழுக்களும் கூடவே படித்து மதிப்பிடுகின்றன. நம் அலமாரிமேல் ஒட்டியிருக்கும் வாசகம், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். அதில் வயது வரம்பு எதுவும் இல்லை.

கணக்கைப் பொறுத்தவரை, நன்கொடைகளின் உதவியால் வரவு செலவைச் சற்றே மிஞ்சியது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். 27 பேரின் சந்தா நிலுவையில் இருக்கிறது. சிலருடையது இரண்டு ஆண்டுகளாக. குழுவுக்கு வாங்கிய புத்தகங்கள் வீண் செலவு என்று எழுதியவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். பிள்ளைகள் கேட்டும் வாங்க முடியாத புத்தகங்களின் பட்டியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், இடம் தந்து உதவியோர், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு துணைவிதித் திருத்தம் கொண்டுவருகிறேன். நூல் தேர்வுக் குழுவில் இளையோர் இருவருக்கு இடமும் வாக்குரிமையும் வேண்டும். இந்தப் பொறுப்பில் ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டேன். வேறொருவர் முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். அவர் மாதம் ஒருமுறை அந்தப் பிள்ளைகளுடன் இரண்டு மணி நேரம் உட்காருபவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை நானே தொடர்வதற்குத் தடையில்லை. உறுப்பினர்களில் பத்துப் பேராவது கூட்டத்துக்கு வந்தால் போதும்.

நோட்டை நுழைவாயில் மேசைமேல் வைத்திருக்கிறேன். கலையும் முன் நான்கு பக்கமாவது புரட்டிப் பாருங்கள். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்