கூட இருப்பவர்களை வெளியே அனுப்பாதே, முகிலா

வேலூர்

அன்புள்ள முகிலனுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதில் இரண்டு விஷயம் மனசிலேயே நிற்கிறது. பெங்களூரில் மனநோய்க்கு அட்மிட் ஆகும் குழந்தைகள் வார்டில் உளவியலாளனாக உனக்கு என்ன வேலை என்றே புரியவில்லை என்றாய். மருந்து டாக்டர் எழுதுகிறார், ராப்பகலாகப் பார்த்துக்கொள்வது சிஸ்டர்கள், நடுவில் நான் எதற்கு என்று கேட்டாய். அதோடு இன்னொன்றும் சொன்னாய்: அம்மாக்கள் பிள்ளையைத் தனியாக விடுவதில்லை, எதைக் கேட்டாலும் அவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள், அவர்கள் இல்லாமல் இருந்தால் சிகிச்சை சுலபமாக இருக்கும் என்று. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டுக்கும் என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான், கண்ணா. கூட வந்து தங்கியிருக்கிற அந்த அம்மாதான், சில சமயம் அப்பா, பல சமயம் பாட்டி, உன் வேலையில் பெரும்பகுதி.

சட்டமே அவர்களை அங்கே இருக்கச் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 87ஆம் பிரிவை ஒரு தடவை முழுசாகப் படி. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அட்மிட் செய்தால், இருக்கும் நாள் முழுக்கப் பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ கூடத் தங்கியே ஆகவேண்டும். பெண்பிள்ளைக்கு அப்பா மட்டும் வந்திருந்தால் ஒரு பெண் துணை கட்டாயம். பெரியவர்கள் இருக்கும் வார்டில் பிள்ளையைப் போடக்கூடாது. 72 மணி நேரத்துக்குள், இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், முப்பது நாளைத் தாண்டினால் வாரியம் மறுபடி பார்க்க வேண்டும். இதையெல்லாம் பேப்பர் வேலை என்று நினைக்காதே. பிள்ளை தன் வாயால் சரி என்று சொல்லாமலே பூட்டின கதவுக்குள் வந்திருக்கிறது. அதற்காகப் பேச வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

சட்டம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நம் நாட்டில் இது பழக்கத்துக்கு வந்துவிட்டது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரம் போட்டு, நோயாளிகளின் வீட்டு ஆட்களை அங்கேயே தங்கவைத்தார். இங்கே நம்ம ஊர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையமும் குடும்பத்தோடு தங்கவைத்துத்தான் வைத்தியம் பார்த்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் உடம்பு சரியில்லாத குழந்தையைப் பார்க்கக்கூடப் பெற்றவர்களுக்கு நேரம் அளந்துதான் கொடுத்தார்கள். தாயைப் பிரிந்த குழந்தை ஆஸ்பத்திரியில் என்ன பாடுபடுகிறது என்று ஜேம்ஸ் ராபர்ட்சன் படம் பிடித்துக் காட்டி, 1959இல் ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நலன் பற்றிய பிளாட் குழுவின் அறிக்கை வந்த பிறகுதான் அங்கே கதவு திறக்க ஆரம்பித்தது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு நல்லதை நீ இடைஞ்சல் என்று நினைத்துவிடக் கூடாது.

நம் துறை அம்மாக்களுக்குச் செய்த அநியாயத்தையும் மறக்காதே. ஆட்டிசம் வருவதற்குத் தாயிடம் பாசம் வற்றிப்போனதுதான் காரணம் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல்கூட அதை ஒரு புத்தகமாகவே போட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்னமே பெர்னார்ட் ரிம்லாண்ட், தானே ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்குத் தகப்பன், தானே உளவியலாளர், இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என்று ஆதாரத்தோடு எடுத்து வைத்திருந்தார். இடைப்பட்ட வருஷங்களில் எத்தனை தாய்மார் தன்னால்தான் இப்படி ஆனது என்று நொந்துபோயிருப்பார்கள். வார்டுக்கு வருகிற அம்மா ஏற்கெனவே மாமியாரிடமும் பள்ளிக்கூடத்திலும் பக்கத்து வீட்டிலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். பிள்ளையை முந்திக்கொண்டு அவள் பதில் சொல்கிறாள் என்றால், தப்பு தன் பேரில் விழுந்துவிடுமோ என்கிற பயமாக இருக்கலாம். முதல் நாள் அவளிடம் உன் கேள்வித்தாளை நீட்டாதே. சாப்பிட்டாளா, வீட்டில் மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டுக்காரருக்கு எத்தனை நாள் சம்பளம் போகும், இதைக் கேள். அவளே கொஞ்ச நேரத்தில் பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போவாள்.

இனி வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஊர், வயது, வீட்டு விவரம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். நீயும் வீட்டில் பேசும்போது இந்தப் பழக்கத்தை விடாதே.

கை கழுவிக்கொண்டே இருக்கும் ஒரு பையன். தோல் உரிந்து ரத்தம் கசியும். இது ஓ.சி.டி., வேண்டாத எண்ணமும் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயமும் விடாத நோய். பையனைப் பார்த்தால் நோய் அவனிடம் மட்டும் இருப்பதாகத் தெரியும், ஆனால் வீடே அதற்கு வேலை செய்துகொண்டிருந்தது. அம்மா குழாயைத் திறந்து மூடுவாள், ஏனென்றால் அவன் குழாயைத் தொடமாட்டான். அப்பா வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். "சுத்தமா இருக்காம்மா?" என்று அவன் கேட்கக் கேட்க அவள் "இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சொன்ன நிமிஷம் அவனுக்கு நிம்மதி, அடுத்த நிமிஷம் சந்தேகம் இன்னும் பெரிதாகும். பாசத்தால் செய்கிற காரியமே நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. இந்த வியாதியின் கொடுமையே அதுதான்.

சிகிச்சை உனக்குத் தெரிந்ததுதான். எதைத் தொட எவ்வளவு பயம் என்று அவனையே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தச் சொல்வது, சின்ன பயத்திலிருந்து தொடங்குவது, தொட்ட பிறகு கழுவாமல் காத்திருப்பது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், கழுவாமலேயே தானாக இறங்கும். அது இறங்குவதை அவன் தன் உடம்பில் பார்க்க வேண்டும். உன் அறையில் ஒரு மணி நேரம் கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிடுவான். மீதி 23 மணி நேரம்? சாப்பாட்டுத் தட்டு, வார்டின் பொதுக் குளியலறை, பக்கத்துக் கட்டில் பையன் தொட்ட கேரம் காய், எல்லாம் அங்கேதானே இருக்கிறது. அப்போது பக்கத்தில் இருப்பவள் அம்மா. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்: "இத ஓ.சி.டி. கேக்குதுப்பா, நான் பதில் சொல்லமாட்டேன். ஆனா நீ சரியாகுற வரைக்கும் கூடவே உக்காந்திருக்கேன்." இந்த இரண்டு வரியை அழாமல் சொல்ல அவளுக்கு எவ்வளவு பயிற்சி தேவைப்பட்டது தெரியுமா? நான் பையனாக நடித்தேன், அவள் சொல்லிப் பார்த்தாள். ராத்திரி ஷிஃப்ட் சிஸ்டருக்கும் அதே வரியை எழுதிக் கொடுத்தோம், ஏனென்றால் அம்மா மறுத்ததை அவன் சிஸ்டரிடம் கேட்பான். எல்லார் வாயிலும் ஒரே பதில் வந்தபோதுதான் அவன் கேட்பது குறைந்தது. நடுவில் சனி ஞாயிறு வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தோம். அங்கே அப்பா பழையபடி வாசலில் சட்டையைக் கழற்றியிருக்கிறார். திங்கட்கிழமை அவரையும் வரவழைத்து உட்காரவைத்தோம்.

நான் எதற்கு என்று கேட்டாயே. இந்தப் பிள்ளைக்கு இது ஏன் வந்தது, எது விடாமல் பிடித்துவைத்திருக்கிறது, எங்கே தொட்டால் இளகும், இந்த மூன்றையும் டாக்டர், சிஸ்டர், ஆயா, அம்மா, பிள்ளை எல்லாருக்கும் புரிகிற ஒரே கதையாகக் கோர்த்துக் கொடுப்பது நீ. மருந்தும் அதற்குள் ஒரு பாகம். அந்தக் கதை இல்லாவிட்டால் ஒருவர் "அடம்" என்பார், ஒருவர் "வியாதி" என்பார், ஒருவர் "கண்ணேறு" என்பார், பிள்ளை ஆளுக்கு ஒரு விதமாக நடத்தப்படும்.

இன்னொரு பிள்ளை, ஒன்பதாம் வகுப்புப் பெண். வலிப்பு மாதிரி வந்து விழுவாள். மூளை அலையைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தபடியே வீடியோவும் பதிவு செய்தார்கள், விழும்போதும் மூளை அலையில் வலிப்பு இல்லை. உடனே வார்டில் யாரோ "நடிக்கிறா" என்றார்கள். இந்த வார்த்தையை உன் காது படச் சொல்ல விடாதே. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. சொல்ல முடியாதது உடம்பு வழியாக வருகிறது. விழுந்தால் அடிபடாமல் பார்த்துக்கொண்டு, கூட்டம் போடாமல் ஒருவர் மட்டும் அமைதியாக இருப்பது, மற்ற நேரத்தில் அவளோடு நிறையப் பேசுவது, இதை அம்மாவுக்கும் சிஸ்டர்களுக்கும் பழக்கினோம். பல்லாங்குழி ஆடும்போதுதான் கவனித்தேன், காயை மனதிலேயே எண்ணிக் கணக்குப் போட்டு ஜெயிப்பவள், பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிக்கச் சொன்னால் திணறினாள். சோதித்துப் பார்த்ததில் அறிவுத்திறன் நன்றாகவே இருந்தது, படிப்பதில்தான் குறைபாடு. எட்டாம் வகுப்பு வரை கேட்டே மனப்பாடம் செய்து தப்பித்திருக்கிறாள். ஒன்பதில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தவிப்புதான் உடம்பு வழியாக வந்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் எழுதிக்கொடுக்க ஆளும் கேட்கலாம் என்று தெரிந்த அன்று அவள் அப்பா முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சோதனைகள் பற்றி ஒரு வார்த்தை. அறிவுத்திறனை அளக்கும் பினே காமத் ஆகட்டும், மாலின் அளவுகோல் ஆகட்டும், தூக்க மருந்தில் இருக்கும் பிள்ளைக்கோ, துக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கோ முதல் வாரத்தில் வைக்காதே. ரவுண்ட்ஸில் கேட்கிறார்கள் என்று அவசரப்பட்டு எழுதும் ஒரு எண் அந்தப் பிள்ளையின் ஃபைலில் வருஷக்கணக்கில் இருக்கும். ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதினாலும் பெற்றவர்களுக்கு அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல். பெங்களூரில் கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ், பெங்காலி என்று எல்லாரும் வருவார்கள். நோயாளியின் தம்பி தங்கையை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதே. அந்தச் சின்னதுகள் சுமக்க வேண்டிய பேச்சில்லை அது.

கூட இருப்பவர்களை வெளியே அனுப்பாதே என்றேன். அனுப்பியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையோடும் தினமும் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேசு. முதல் நாளே சொல்லிவிடு: நீ சொல்வதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன், ஆனால் உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும், அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்று. பாலியல் கொடுமை பற்றிப் பிள்ளை வாய் திறந்தால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். குடும்பம் கெஞ்சும், கையைப் பிடித்து அழும். அப்போது உனக்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை விரும்பும் இடத்தில் வாக்குமூலம் வாங்கலாம், கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும், பெயர் வெளியே வரக்கூடாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர்கள் பயத்தைக் குறைக்க முடியும். கூட இருப்பவரே கெடுதல் செய்பவர் என்று தெரிந்தால், அவருக்குப் பதில் வேறொருவரை நியமிக்க வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தனியாக முடிவெடுக்காதே, உன் கன்சல்டன்டிடம் அன்றைக்கே போ.

டிஸ்சார்ஜை அட்மிஷன் அன்றே யோசிக்க ஆரம்பி. தற்கொலைக்கு முயன்று வந்த பிள்ளை என்றால் இதில் என்னிடம் சமரசமே கிடையாது. வீட்டில் எலிமருந்து எங்கே இருக்கிறது, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எங்கே, பாட்டியின் பிரஷர் மாத்திரை எந்த அலமாரியில், ஒவ்வொன்றாகக் கேள். பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் சட்டென்று பொங்கி வரும், கைக்கு எட்டாமல் இருந்தால் அந்த நேரம் கடந்துபோகும். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொது இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்து பார்த்தார்கள். விவசாயிகள் ஒத்துக்கொண்டார்கள். ஒரு ஊரே செய்ய முடியும் என்றால் ஒரு வீட்டால் முடியும் என்று அந்த அப்பாவிடம் சொல்லிப் பார். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் நம்பர் 14416ஐ டிஸ்சார்ஜ் சீட்டில் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. அவர்கள் போனில் நீயே பதிந்து, உன் முன்னால் ஒரு முறை கூப்பிட்டுப் பேச வை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவருடைய நம்பரையும் வாங்கிக்கொள். பிள்ளை திரும்பிப் போகிற முதல் நாள் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காரும் என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டு அனுப்பு.

வெளியே கிளினிக் போட்டுவிடலாமா என்றும் லேசாகக் கேட்டாய். அது உன் விருப்பம். ஆனால் முப்பது நிமிஷம் வந்துபோகும் பிள்ளையிடம் கற்றுக்கொள்ள முடியாததை, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சண்டை போடும்போதும் பார்க்கிற பிள்ளையிடம் கற்றுக்கொள்ளலாம். ஒரு வருஷமாவது இரு. காலையில் ராத்திரி சிஸ்டர் டியூட்டி முடித்துப் போவதற்கு முன்னால் வார்டுக்குப் போய்விடு, ராத்திரி நடந்தது அவருக்குத்தான் தெரியும். வாரம் ஒரு தடவை மூத்தவர் ஒருவரிடம் உன் கேஸ்களைச் சொல்லிப் பேசுவதை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதே. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவதாக உன் ரூம்மேட் சொன்னான், அதையும் நிறுத்து.

சித்தி மகள் நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. இப்போதே லீவு சொல்லிவை. முந்தின சனிக்கிழமை உனக்கு டியூட்டி என்றால் யாரிடமாவது மாற்றிக்கொண்டு, லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறிக் காட்பாடியில் இறங்கிவிடு, அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வருவார்.

அன்புடன்,
அம்மா